தைலா கழுவின ஆரம்

தப்பா சொல்லிட்டேன்னா நடுவுலயே சொல்லிடு, கண்ணு. இந்தக் கதை எனக்கு முழுசா வரும்னு தைரியம் இல்ல. எதையாவது முன்னாடி பின்னாடி மாத்திச் சொல்லிட்டு, அப்புறம் விடிய விடிய அதையே நெனச்சுக்கிட்டுக் கெடப்பேன். ஒருத்தி மேல பழி வந்த கதை இது. நான் ஏறுக்கு மாறா சொல்லி அவ பேருக்கு இன்னொரு பழி வந்துடக்கூடாதில்ல. சரி, காலை நீட்டிப் படு. போர்வையை நெஞ்சு வரைக்கும் இழுத்துக்கோ. அத்தை நிறுத்துற எடத்துல "ம்" சொல்லணும், தெரியுதா.

ம்.

ஒரு ஊர்ல ஒரு ஆரம் இருந்துச்சாம். இல்ல, இல்ல. ஆரம் அப்புறம்தான் வருது. பாத்தியா, ஆரம்பமே கோணலாப் போகுது. ஒரு ஊர்ல ஒரு தைலா இருந்தா. கல்யாணப் பொண்ணுங்களுக்கு அலங்காரம் பண்றது அவ வேலை.

அலங்காரம்னா பூ வெக்கிறது, மை தீட்டுறது மட்டும் இல்ல. எந்தப் புடவைக்கு எந்த நகைன்னு பாக்கறதுலதான் அவ கெட்டிக்காரி. புடவையை சரசரன்னு விரிப்பா. அது மேல நகையை வெப்பா. ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாப்பா. "ம்ஹூம், இது ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசல"ம்பா. அப்புறம் வேற புடவை. ஜரிகை கொட்டிக் கெடக்கற புடவை மேல பெரிய ஆரத்தைப் போட்டா ரெண்டும் சேந்து கத்தும், பொண்ணு மொகம் யாருக்கும் தெரியாதும்பா. கழுத்து நீளமான பொண்ணுக்கு மேல ஒரு அட்டிகை, மூணு விரல் எடம் விட்டு ஆரம். கழுத்து குட்டைன்னா அட்டிகையே வேணாம், ஆரத்தை மட்டும் எறக்கிப் போடு. இப்படி.

அவகிட்ட ஒரு தகரப் பொட்டி உண்டு. அதுல பூரா கவரிங் நகை. தங்கம் இல்லாத வீட்டுப் பொண்ணுங்களுக்கு அதைப் போட்டு விட்டு, மறுநாள் வாங்கிக்குவா.

ம்.

அவளுக்கு ரெண்டு பழக்கம் இருந்துச்சு. ஒண்ணு, தங்க ஆரம் போட்டதும் ஊசி நூல் எடுத்து, ரவிக்கையோட சேத்து அங்கங்க நாலு தையல் போட்டுடுவா. வெளிய தெரியாது. ஏன்னா பொண்ணு குனியணும், நிமிரணும், மாலை மாத்தணும். ஆரம் ஆடிக்கிட்டே இருக்கும், பொரண்டுக்கும். தைச்சுட்டா இம்மி நகராது.

இன்னொண்ணு, கல்யாணம் முடிஞ்சதும் நகையை அப்படியே திருப்பிக் கொடுக்க மாட்டா. சந்தனம், குங்குமம், வேர்வை எல்லாம் அப்பியிருக்கும்ல. பூந்திக்கொட்டையை வெந்நீர்ல ஊறப் போட்டு, குபுகுபுன்னு நுரை வர்ற வரைக்கும் கசக்கி, நகையை அதுல முக்கி, பழைய பல் பிரஷ்ஷால பொறுமையா தேய்ச்சு, வெள்ளைத் துணியில ஒத்திக் கொடுப்பா. யாரும் செய்யச் சொல்லல. ஆனா அடுத்தவங்க தங்கம் தன் கையில இருக்கற நேரமெல்லாம் அவளுக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். கழுவித் தொடைச்சுக் கொடுத்துட்டாத்தான் அது நிக்கும்.

"எதுக்கு அத்தை அடிச்சுக்கும்?"

ஏதாவது ஒண்ணு கொறஞ்சா யாரைக் கேப்பாங்க, கண்ணு? தொட்டவளைத்தானே கேப்பாங்க.

அப்புறம், அந்த ஊர்ல செண்பகம்னு ஒரு அம்மா. அவங்க பொண்ணு பூரணிக்குக் கல்யாணம். காலைல முகூர்த்தம், சாயந்தரம் வரவேற்பு. விடியற நேரத்துக்கு மண்டபத்து அறையில தைலா உக்காந்திருக்கா. செண்பகம் ஒரு மரப்பொட்டியைக் கொண்டாந்து தொறந்தாங்க. உள்ள ஒரு ஆரம்.

அந்த மாதிரி ஆரத்தை அதுக்கு முன்னாடி தைலா பாத்ததே இல்ல. பூரா மாங்கா வடிவத் துண்டுங்க, வரிசையா கோத்திருக்கு. கீழ பதக்கத்துல ரெண்டு மயில், மூக்கோட மூக்கு உரசுற மாதிரி. நடுவுல செவப்புக் கல்லு. ஆனா தங்கம் மஞ்சளா இல்ல. வெல்லப்பாகு அடிப்பிடிச்சா ஒரு நெறம் வருமே, அந்த நெறம். இடுக்குல எல்லாம் கருப்பு.

"எங்க கொள்ளுப்பாட்டி போட்டது, தைலா. பாத்து." செண்பகம் சொன்னாங்க. இதையேதான் நிச்சயத்தன்னிக்கு சம்பந்தியம்மா கிட்டயும் சொல்லியிருந்தாங்க.

தைலா ஆரத்தை வாங்கினா. கனமா இருந்துச்சு. முகூர்த்தத்துக்குன்னு ரெண்டு பட்டு எடுத்து வெச்சிருந்தாங்க. ஒண்ணு ஒடம்பெல்லாம் ஜரிகை. அதை ஓரமா வெச்சுட்டா. இன்னொண்ணு அரக்குக் கலர், சின்னக் கரை, சந்தனக் கலர் ரவிக்கை. ஆரத்தை அது மேல வெச்சா. அப்படியே அந்த வெல்லப்பாகு நெறம் மேல எழும்பி வந்துச்சு. "இதுக்குப் பளபளப்பு ஆகாது, பூரணி. இது மெதுவாப் பேசற நகை. பக்கத்துல யாரும் கத்தக்கூடாது"ன்னா.

"அப்போ எங்கம்மாவை வெளிய அனுப்பிடலாமா, தைலாக்கா?"ன்னு பூரணி கேட்டா.

செண்பகம் அவ தலையில ஒரு தட்டு தட்டினாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. தைலா நாலு தையல் போட்டு ஆரத்தை நிறுத்தினா.

ம்.

மேடையில சம்பந்தியம்மா பக்கத்துல வந்து அந்த மயிலைத் தூக்கிப் பாக்கப் போனாங்க. அது நகரல. "தைச்சு வெச்சிருக்கீங்களா? வெக்கத்தான் வேணும். இந்தக் காலத்துல இப்படி ஒரு நகை யார் வீட்ல இருக்கு. பரம்பரை வீடுன்னு சொன்னப்போ நான் முழுசா நம்பலை, சம்பந்தி"ன்னாங்க. செண்பகத்துக்கு மொகம் மலர்ந்து போச்சு.

அப்புறம் சாப்பாடு ஆச்சு. பூரணி அசந்து படுத்துட்டா. சாயந்தரம் மறுபடி போடணும்னு தைலா தையலைப் பிரிச்சு, ஆரத்தையும் வேர்வையில நனைஞ்ச ரவிக்கையையும் எடுத்துக்கிட்டு மண்டபத்துக்குப் பின்னாடி குழாயடிக்குப் போனா. நுரை கட்டினா. ஆரத்தை முக்கினா. தேய்ச்சா.

மொதத் தண்ணி கருப்பா வந்துச்சு. தைலா மனசுக்குள்ள, அய்யோ பாவம், நூறு வருஷமா இதை யாரும் கழுவவே இல்ல போலன்னு நெனச்சா. ரெண்டாவது தண்ணி பழுப்பா வந்துச்சு. இன்னும் தேய்ச்சா. மூணாவது தண்ணி தெளிவா வந்துச்சு. எடுத்துப் பாத்தா, பளீர்னு மஞ்சள். வெயில்ல கண்ணு கூசுது. தைலாவுக்கு ஒரே நிறைவு. ரவிக்கையையும் முக்கலாம்னு கையில எடுத்தா. அதுக்குள்ள "தைலா, எங்க இருக்க"ன்னு செண்பகம் குரல். ரவிக்கையைத் தொவைக்கற கல்லு மேல போட்டுட்டு, ஆரத்தைத் துணியில சுத்திக்கிட்டு ஓடினா.

"என் ஆரம் எங்க?"ன்னாங்க செண்பகம்.

"இதோ, அக்கா."

"இது இல்ல. என் ஆரம்."

"இதுதான் அக்கா. அழுக்கு பூரா போயிடுச்சு. பாருங்க, எப்படி இருக்குன்னு."

செண்பகம் நாற்காலியில தொப்புனு உக்காந்தாங்க. 

ஏன் தெரியுமா? அது கொள்ளுப்பாட்டி நகையே இல்ல. அதுக்கு முன்ன மாசம் பட்டணத்துக் கடையில வாங்கினது. தங்கம் நல்ல தங்கம்தான். ஆனா பழசு மாதிரி தெரியணும்னு அந்தக் கருப்பைக் கடையிலயே ஏத்தி விட்டிருந்தாங்க. தைலா அதைத்தான் அழுக்குன்னு கழுவிட்டா.

"புதுசை எதுக்கு அத்தை பழசாக்கணும்?"

பழைய நகை இருந்தா பழைய பணக்காரங்கன்னு அர்த்தம். அதுக்குத்தான். நீ கண்ணை மூடிக்கிட்டே கேளு.

இந்த உண்மையை செண்பகம் தைலாகிட்டயும் சொல்லல. "காலைல எப்படித் தெரிஞ்சுதோ சாயந்தரமும் அப்படியே தெரியணும். ஆறு மணிக்கு மேடை. நீ கெடுத்தது, நீயே சரி பண்ணு"ன்னு மட்டும் சொன்னாங்க.  கழுவினதுல என்ன கெட்டுப்போச்சுன்னு தைலாவுக்குப் புரியல. ஆனா அந்த மொகத்தைப் பாத்ததும் சரின்னுட்டா.

மொதல்ல வரவேற்புக்குன்னு தைச்ச ரோஜாக் கலர் பாவாடையைக் கட்டிப் பாத்தாங்க. வடக்கத்திப் பாவாடை, பூரா சமிக்கி. அது மேல இந்த மஞ்சள் ஆரம். ஜிலுஜிலு, ஜிலுஜிலு. பூரணி கண்ணாடியைப் பாத்துட்டு, "தைலாக்கா, நான் நாடக ராஜா மாதிரி வாளை உருவிக்கிட்டு வசனம் பேசணுமா"ன்னா. இந்தத் தடவை யாரும் சிரிக்கல.

அப்புறம் பச்சைப் பட்டு. கரை ரெண்டு சாண் அகலம், தங்க ஜரிகை. ஆரமும் கரையும் ஒண்ணுக்கொண்ணு மல்லுக்கு நின்னுச்சு. தைலா ஒரு கண்ணை மூடினா, அந்தக் கண்ணைத் தொறந்து இன்னொரு கண்ணை மூடினா. எப்படிப் பாத்தாலும் ஆரம் அவ தகரப் பொட்டியில இருக்கற கவரிங் மாதிரியே இருந்துச்சு. நெத்தி வேர்த்துக் கொட்டுது. மணி அஞ்சு.

அப்போ பூரணியோட பொட்டி அடியில ஒரு புடவை கெடந்துச்சு. கத்திரிப்பூக் கலர். ஜரிகையே கெடையாது. மேல வெளிச்சம் பட்டாலும் திருப்பி அனுப்பாத துணி. அதைக் கட்டி, அட்டிகையே போடாம, ஆரத்தை மட்டும் நாலு விரல் எறக்கிப் போட்டு, தைச்சு, பல்பை ஒண்ணு அணைச்சு விட்டுட்டுப் பாத்தா. ஆரத்தோட கத்தல் அடங்கிப்போச்சு. அந்தக் கத்திரிப்பூ நெறம் மஞ்சளைக் கொஞ்சம் உறிஞ்சிக்கிட்ட மாதிரி இருந்துச்சு. செண்பகம் மூச்சு விட்டாங்க. "காப்பாத்திட்ட, தைலா"ன்னாங்க.

ம்.

முழிச்சிருக்கியா? இனிமேதான் மெதுவாச் சொல்லணும். இதைத் தப்பாச் சொல்லக்கூடாது.

மேடையில எல்லாரும் பாத்தாங்க. யாரும் ஒண்ணும் சொல்லல. அப்போ சம்பந்தியம்மா வந்தாங்க. தூரத்துல இருந்து பாத்து சிரிச்சாங்க. கிட்ட வந்தாங்க. பதக்கத்துக்கிட்ட குனிஞ்சு பாத்தாங்க. சிரிப்பு போயிடுச்சு. பூரணி காதுக்குப் பக்கத்துல, "கொஞ்சம் உள்ள வாம்மா"ன்னாங்க.

செண்பகம், தைலா, சொந்தக்காரங்க நாலு பேர் பின்னாடியே வர, அறைக்குள்ள கதவைச் சாத்தினதும் சம்பந்தியம்மா கேட்டாங்க. "காலைல போட்டது பழைய நகை. இப்போ போட்டிருக்கறது கவரிங். ஒரே மாதிரி ரெண்டு வெச்சிருக்கீங்களா? எது எங்க வீட்டுக்கு வரப்போகுது, சம்பந்தி?"

இங்கதான் செண்பகம் உண்மையைச் சொல்லியிருக்கணும். புதுசா வாங்கினது, மேல இருந்த கருப்பு போயிடுச்சுன்னு ஒரு வார்த்தை. ஆனா அவங்களுக்கு அது வரல. அவங்க கை மெதுவா எழும்பி, தைலா பக்கம் நீண்டுச்சு.

"இவகிட்டதான் கொடுத்தேன். கழுவித் தரேன்னு எடுத்துட்டுப் போனா. திரும்பி வந்தது இதுதான்."

தைலா முன்னாடி வந்தா. "அக்கா, அழுக்குன்னு நெனச்சுக் கழுவினேன். வேற ஒண்ணும் பண்ணல"ன்னா.  அதுக்குள்ள யாரோ அவ தகரப் பொட்டியைத் தூக்கித் தலைகீழாக் கவுத்தாங்க. கலகல கலகலன்னு கவரிங் நகை பூரா தரையில. எல்லாம் பளீர்னு மஞ்சள். பூரணி கழுத்துல இருக்கற ஆரமும் பளீர்னு மஞ்சள். பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?

"கருப்பு ஆரம் இதுல இல்ல. வெளிய அனுப்பிட்டா"ன்னு ஒரு குரல்.

"போலீஸைக் கூப்புடுங்க"ன்னு இன்னொரு குரல்.

தைலா அழல. கீழ கெடந்த நகையைப் பாத்துக்கிட்டே நின்னா. நகை நகைன்னு பாத்தவளுக்கு அப்போ துணி நெனப்பு வந்துச்சு. "ரவிக்கை"ன்னா.

"என்ன ரவிக்கை?"

"காலைல போட்ட ரவிக்கை. குழாயடியில கல்லு மேல கெடக்கு. நான் போனா ஓடிட்டேன்னு சொல்லுவீங்க. யாராவது போய் எடுத்துட்டு வாங்க."

யாரும் அசையல. பூரணிதான் போனா. கல்யாணப் பொண்ணு, புடவையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, தடதடன்னு குழாயடிக்கு ஓடி எடுத்துட்டு வந்தா. தைலா அதைத் தொடல. "மேசை மேல விரிச்சுப் போடு, பூரணி. வலது பக்கத்தை"ன்னா.

சந்தனக் கலர் பட்டு. தோள்ல இருந்து நெஞ்சு வரைக்கும், முந்தானை மறைக்காத அந்தப் பக்கத்துல, பழுப்பா ஒரு கோடு. கிட்ட போய்ப் பாத்தா கோடு இல்ல. மாங்கா, மாங்கா, மாங்கா. வேர்வையில ஊறி, தங்கத்து மேல இருந்த கருப்பு துணியில எறங்கியிருக்கு. தைலா தைச்சு வெச்சதால காலைல இருந்து மத்தியானம் வரைக்கும் ஆரம் ஒரே எடத்துல இருந்துச்சில்ல, அதான் அச்சு மாதிரி விழுந்திருக்கு. நூல் போன ஓட்டை கூடத் தெரியுது.

"தையலைப் பிரிச்சு, ஆரத்தைக் கழட்டி அது மேல வைங்கம்மா. நீங்களே வைங்க"ன்னு தைலா சம்பந்தியம்மாவைப் பாத்துச் சொன்னா.

சம்பந்தியம்மா வெச்சாங்க. மாங்கா மேல மாங்கா. ஒண்ணு, ரெண்டு, மூணு. ஏழாவது மாங்காவோட நுனி லேசா வளைஞ்சிருந்துச்சு. துணியிலயும் ஏழாவது அச்சுல நுனி வளைஞ்சிருந்துச்சு. 

ம்.

அப்புறம் சம்பந்தியம்மா ரொம்ப நேரம் அந்தப் பழுப்பை விரலால தடவிப் பாத்தாங்க. "இதே ஆரம்தான்"ன்னாங்க. தைலாவுக்கு உயிர் வந்துச்சு. ஆனா அவங்க நிறுத்தல. செண்பகத்தைப் பாத்துத் திரும்பினாங்க. "நூறு வருஷத்துக் கருப்பு ஒரு அரைநாள் வேர்வையில எறங்குமா, சம்பந்தி?"

செண்பகம் தலையைக் குனிஞ்சாங்க.

"புதுசுன்னு சொல்லியிருந்தா நான் என்ன வேணாம்னா சொல்லியிருப்பேன்? தங்கத்துக்கு வயசு கேட்டேனா நான்?" சத்தம் போடல அவங்க. ஆரத்தை எடுத்துப் பூரணி கழுத்துல அவங்களே போட்டு விட்டாங்க. "வா, மேடைக்குப் போகலாம். ஜனம் காத்திருக்கு."

எல்லாரும் போயிட்டாங்க. தைலா தரையில உக்காந்து, கொட்டிக் கெடந்த கவரிங்கை ஒண்ணொண்ணாப் பொறுக்கிப் பொட்டியில போட்டா. டிங். டிங். செண்பகம் மட்டும் வாசப்படியில நின்னாங்க.

"அந்த ரவிக்கையை நீ சொல்லாம இருந்திருக்கலாம், தைலா."

தைலா நிமிர்ந்து பாத்தா. "அப்போ என்னைத் திருடின்னு சொல்லியிருப்பாங்களே, அக்கா."

செண்பகம் வாசப்படியை விட்டு எறங்கிப் போயிட்டாங்க.

அவ்வளவுதான்னு நெனச்சியா? இல்ல, கண்ணு. அவ திருடி இல்லன்னு அந்த அறையில இருந்தவங்களுக்குத் தெரியும். ஆனா நடந்ததை அவங்க யாரும் வெளிய சொல்லல. சொன்னா செண்பகத்துப் பொய்யையும் சேத்துல்ல சொல்லணும். ஊர்ல பரவினது வேற. "தைலா கைபட்டா நகை நெறம் மாறிடுமாம்." அவ்வளவுதான் பரவுச்சு. அதுக்கப்புறம் அவ போன வீட்ல எல்லாம் கொடுக்கறப்போ ஒரு தடவை கல்லை எண்ணினாங்க, வாங்கறப்போ ஒரு தடவை எண்ணினாங்க. அவ விரல் போற எடமெல்லாம் ஒரு ஜோடிக் கண்ணு கூடவே போச்சு. ஒரு வீட்ல அவ கை நடுங்கி, ஊசி பொண்ணு தோள்ல குத்திடுச்சு. பொட்டு ரத்தம். அன்னிக்கு வீட்டுக்கு வந்து ரெண்டு கையையும் மடியில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா.

"அப்புறம் என்ன பண்ணா, அத்தை?"

அலங்காரத்தை விடல அவ. கண்ணு இருக்கே, அதை எப்படி விடுவா. அடுத்த கல்யாணத்துல நகைத் தட்டை அவ முன்னாடி நீட்டினாங்க. அவ வாங்கல. செவத்தோரமாப் போய் நின்னா. முந்தானையை எடுத்து ரெண்டு கையையும் சேத்துச் சுத்திக்கிட்டா, குளிருக்குச் சுத்திக்கிற மாதிரி.

"பொண்ணோட அம்மா யாரு? நீங்க வாங்கம்மா. நீங்களே போடுங்க, நான் சொல்றேன். அந்தப் பச்சை வேணாம், ஊதாவை எடுங்க. ம், ஆரத்தை இன்னும் ஒரு விரல் எறக்குங்க. இன்னும் கொஞ்சம். அங்கதான். இப்போ ஊசியை எடுங்க."

அந்தம்மாவுக்குத் தைக்கத் தெரியல. தையல் கோணலா விழுந்துச்சு. தைலாவோட விரல் முந்தானைக்குள்ள துடிச்சுச்சு. அவ வெளிய எடுக்கல. அன்னிக்கும் எடுக்கல, அதுக்கப்புறம் எந்தக் கல்யாணத்துலயும் எடுக்கல.

ஆரத்துக்கு மாட்டற மாதிரி கதைக்கும் கொக்கி மாட்டியாச்சு, கண்ணு. நீ கண்ணைச் சாத்திக்கோ.